மழைத்தண்ணீரில் கழுவிய கருப்பு ஆயில்

கன்னியப்பன் அஞ்சம்மாளுக்கு நாற்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். கைமாற்றாக வாங்கிய கடனில்லை, நகையை வைத்து வாங்கியதும் இல்லை. ஒரு நண்டு வளைக்குள் ஊற்றிய அழுக்கு ஆயிலால் வந்த கடன்.

கன்னியப்பன் லேசுப்பட்ட ஆள் இல்லை. மரக்காணம் உப்பளத்தில் எந்த வரப்பில் நின்று "இன்ஜின் மெக்கானிக் எங்க?" என்று கேட்டாலும், கேட்டவன் வாய் மூடுவதற்குள் நாலு கை ஒரே பக்கம் நீளும். ஈ.சி.ஆர். ரோட்டோரம் தகரக் கொட்டகை, வாசலில் பிரித்துப் போட்ட டீசல் இன்ஜின்கள், உள்ளே சுவரில் வரிசையாகத் தொங்கும் ஸ்பேனர்கள். எல்லாம் அவர் சம்பாத்தியம். அப்பன் வைத்துவிட்டுப் போனது ஒரு கிழிந்த வலை மட்டும்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், அறுபத்திரண்டு வயதில் சொந்தக் கடை, சொந்த வீடு, இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் என்று நிமிர்ந்து நிற்கிறார். அதை அவரே ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்வார். உண்மையைச் சொல்வதற்கு என்ன வெட்கம்?

"நான் படிச்சிருந்தா எவன் ஆபீஸ்லயாவது ஃபேனுக்குக் கீழ தூங்கிக்கிட்டு இருப்பேன். படிக்காததாலதான் இந்த ஊர் அளம் பூரா என் கையால ஓடுது" என்பார்.

அதில் பொய்யில்லை. உப்புத் தண்ணீரை வாய்க்காலிலிருந்து பாத்திக்கு ஏற்றுவது டீசல் இன்ஜின். இன்ஜின் நின்றால் பாத்தி காயும், பாத்தி காய்ந்தால் கூலி காயும். மொபெட்டில் போகிறபோதே எந்த இன்ஜின் இருமுகிறது, எது மூச்சு வாங்குகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான்.

அவர் செய்துவந்த ஒரே தப்பு, ஊரே செய்துவந்த தப்பு. இன்ஜினிலிருந்து பழைய ஆயிலை வடித்தால் அதை என்ன செய்வது? அளத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வரப்பில் நண்டு வளை போட்டிருக்கும். வளை இருந்தால் தண்ணீர் கசியும். அந்த வளைக்குள் கருப்பு ஆயிலை ஊற்றிவிட்டால் நண்டு ஓடிவிடும், வரப்பு நிற்கும், ஆயிலும் கண்ணை விட்டு மறைந்துவிடும். நாற்பது வருஷமாக அவரும் அதைத்தான் செய்தார். பக்கத்துப் பாத்திக்காரர்கள் அவரைக் கூப்பிட்டு, "அப்படியே இந்த வளையிலயும் கொஞ்சம் ஊத்திட்டுப் போண்ணா" என்று கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

போன வைகாசியில் ஒரு நாள் வெயில் கொளுத்துகிற நேரத்தில், ஒரு இன்ஜினுக்கு ஆயில் மாற்றிவிட்டு, பழையதை வரப்பில் இருந்த பெரிய வளையில் கவிழ்த்துவிட்டு வந்தார். அந்த வளை வரப்போடு நிற்கவில்லை. வரப்பைக் குடைந்துகொண்டு அந்தப் பக்கம் அஞ்சம்மாளின் பாத்தியில் போய்த் திறந்திருந்தது.

அஞ்சம்மாள் பாத்தியைக் குத்தகைக்கு எடுத்துத் தானே வேலை செய்கிறவள். ஐம்பது வயது. வெயிலில் கருத்துக் காய்ந்த உடம்பு. வாய் மட்டும் காயவே இல்லை. மறுநாள் காலை அவள் பாத்தியில் தண்ணீர்மேல் மயில் கழுத்து மாதிரி பச்சையும் நீலமுமாக ஒரு படலம் மின்னிக்கொண்டிருந்தது. என்னவென்று புரிவதற்குள் தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்குப் போய்விட்டது. படலம் மூடிய தண்ணீர் காயவே மாட்டேன் என்றது. கடைசியில் காய்ந்து வந்த உப்பு சாம்பல் நிறத்தில் வந்தது. வியாபாரியின் ஆள் ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்தான். கையை உதறிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டான்.

அஞ்சம்மாள் அந்த உப்பில் ஒரு கூடை அள்ளிக்கொண்டு நேராக டீக்கடைக்கு வந்தாள். கன்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்து நாலு பேருக்கு நடுவில் தன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கூடையை அவர் மடிக்கு எதிரே வைத்தாள்.

"இந்தா மெக்கானிக்கு. உன் வூட்டுக் கொழம்புல போட்டுத் தின்னு."

"இன்னா இது?"

"மோந்து பாரு, தெரியும். உன் கடை வாசனைதான் அடிக்குது."

கன்னியப்பன் மோந்து பார்த்தார். அவருக்குத் தெரியாத வாசனையா? ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "நான் ஊத்துனது அந்தப் பக்கத்து வரப்புல. உன் பாத்திக்கு எப்படி வரும்?"

"நண்டு உன்னக் கேட்டுட்டா வளை தோண்டும்?"

டீக்கடையே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் தட்சணாமூர்த்தி. கட்டட வேலைக்கு சென்ட்ரிங் பலகை அடிக்கிற காண்ட்ராக்டர், கன்னியப்பனின் வயசு, சின்ன வயதிலிருந்தே இருவருக்கும் பேச்சில் போட்டி.

அஞ்சம்மாள் சிரிக்கவில்லை. "நாப்பதாயிரம் போச்சு. வர்ற தை மாசம் குத்தகைப் பணம் கட்டலைன்னா நெலத்துக்காரரு பாத்திய வேற ஆளுக்குக் குடுத்துடுவாரு. அந்தக் காச வெச்சிதான் கட்டலாம்னு இருந்தேன். எனக்கு வேற வேலை தெரியாது" என்றாள். குரல் ஏறவில்லை. அதுதான் கன்னியப்பனை உலுக்கியது. கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார்.

கடையிலிருந்து மாதம் கொஞ்சமாக எடுத்துக் கொடுத்திருக்கலாம். வேறு ஆளாயிருந்தால் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் தட்சணாமூர்த்தி முன்னால் பாக்கெட்டில் கைவிட்டால் அது அபராதம். கன்னியப்பன் வாழ்க்கையில் அபராதம் கட்டியவர் இல்லை. எழுந்து நின்று, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அஞ்சம்மா, கேட்டுக்கோ. எந்த ஆயில் உன் உப்பக் கெடுத்துச்சோ, அந்த ஆயில்லயே காசு பண்ணி, நீ குத்தகை கட்டுறதுக்கு முன்னாடி உன் கையில எண்ணி வெப்பேன். கடைக் காசுல ஒரு பைசா சேக்க மாட்டேன்."

"அழுக்கு ஆயில்ல காசா!" தட்சணாமூர்த்தி டீயைச் சிந்தினான். "ஏம்பா கன்னியப்பா, வெயில் ஏறிப்போச்சா?"

"பேசுன பேச்சு நிக்கட்டும்" என்றாள் அஞ்சம்மாள். கூடையை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

அவர் சும்மா சொல்லவில்லை. திண்டிவனம் பக்கம் ஒரு ஆலை இருப்பதாகவும், பழைய ஆயிலை வாங்கிப் புது ஆயில் ஆக்குவதாகவும், அரசாங்க அனுமதியோடு நடப்பதாகவும் லாரிக்காரர்கள் சொல்லக் கேட்டிருந்தார். மறுநாளே மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். அங்கே ஆயிலைச் சோதிக்கிற வேலை பார்க்கும் ரேணுகா என்ற பெண், இரண்டு கண்ணாடிப் பாட்டிலை அவர்முன் வைத்தாள். ஒன்றில் தார் மாதிரிக் கருப்பு. இன்னொன்றில் தேன்.

"இது ரெண்டும் ஒண்ணுதான் ஐயா" என்றாள்.

"யாருகிட்ட சொல்ற? நாப்பது வருஷமா ஆயில்ல குளிச்சவன் நான்."

"நெஜமாத்தான். ஆயில் கெட்டுப்போறதில்லீங்க. அதுல அழுக்கு சேருது, தண்ணி சேருது, இரும்புத் தூள் சேருது. காத்தில்லாத கலத்துல வெச்சிக் காய்ச்சுனா ஆயில் மட்டும் ஆவியாகி இந்தப் பக்கம் வந்துடும். அதத்தான் மறுபடி இன்ஜினுக்கு ஊத்துறோம்."

கன்னியப்பன் தேன் பாட்டிலைத் திறந்து, ஒரு சொட்டை விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். இழுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குறை சொல்ல வேண்டும் என்று ஆசைதான். ஒன்றும் கிடைக்கவில்லை. நாற்பது வருஷமாக எத்தனை தேனை நண்டுக்கு ஊற்றினோம் என்று நினைத்தபடியே, ஒரு சொட்டும் சிந்தாமல் பாட்டிலை மூடி வைத்தார்.

கணக்கு அங்கேயே பேசி முடிந்தது. ஆலை காலி டிரம்களைக் கொடுக்கும். லாரி வந்து எடுத்துக்கொள்ளும். கொடுத்தவர்கள் பங்கு போக, ஒரு டிரம்முக்கு நாலாயிரம் அவர் கையில் நிற்கும். பத்து டிரம் வேண்டும்.

அன்றிலிருந்து மரக்காணம் முதல் கூனிமேடு வரை மெக்கானிக் கடை, லாரி ஷெட், டிராக்டர் வைத்திருப்பவர், படகுக்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. மொபெட்டின் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு போவார். "கீழ ஊத்தாத, எனக்கு வை, வித்ததும் லிட்டருக்குக் காசு தர்றேன்" என்பார். கூனிமேட்டில் படகு இன்ஜின் பார்க்கும் மஸ்தான் பாய் அவரைப் பார்த்ததும் கை கொட்டினார்.

"வாங்க கன்னியப்பரே! மெக்கானிக் தொழில விட்டுட்டு எண்ணெய்ச் செட்டியாராயிட்டீங்களா?"

"சிரிங்க பாய். ஒரு நாள் நீங்களே என் ஆயில வாங்கி ஊத்துவீங்க."

"இன்ஷா அல்லா. மொதல்ல இதை எடுத்துக்கிட்டுப் போங்க. கடல் தண்ணி கலந்து பால் டீ மாதிரி இருக்குது."

அதுதான் சிக்கல். படகு இன்ஜின், பம்பு இன்ஜின் இரண்டிலும் உப்புத் தண்ணீர் ஏறியிருக்கும். கருப்பு ஆயில் பழுப்பாகி, கலங்கி, தண்ணீர் எது ஆயில் எது என்று தெரியாமல் நின்றது. ரேணுகா சொல்லியிருந்தாள்: தண்ணீர் பிரிந்த ஆயில்தான் வேண்டும். வெயிலில் வைத்தும் பிரியவில்லை.

கன்னியப்பன் யோசித்தார். உப்பளத்துக்காரன் மூளை உப்பு வழியாகத்தான் ஓடும். உப்பை வைத்தால் அது தண்ணீரை இழுக்கும். மழைக்காலத்தில் ஜாடி உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கசிவதை எந்த வீட்டில் பார்க்கவில்லை? ஒவ்வொரு டிரம்மிலும் ஒரு முறம் கல்லுப்பைக் கொட்டி, வெயிலில் வைத்து, மூடினார். அந்த உப்பு வேறு எதுவும் இல்லை, அஞ்சம்மாள் டீக்கடையில் விட்டுப்போன கூடையும், அவள் விற்க முடியாமல் குவித்து வைத்திருந்ததும்தான்.

நாலே நாளில் அற்புதம் நடந்தது. பால் டீ உடைந்தது. தண்ணீர் அடியில் தங்கியது, மேலே கண்ணாடி போலக் கருப்பு ஆயில். அடியில் குழாய் வைத்துத் தண்ணீரை வடித்தார். உப்பு வேலையில் மேலே நிற்கும் தண்ணீரை விட்டுவிட்டு அடியில் இருப்பதை வாருவார்கள். இங்கே அடியில் இருப்பதை விட்டுவிட்டு மேலே இருப்பதை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம் என்று ஊர் பூராவும் சொல்லித் திரிந்தார். "எந்தக் காலேஜ்ல சொல்லிக் குடுப்பான் இத?" ஆவணி முடிவதற்குள் பத்து டிரம்மும் நிரம்பிவிட்டது. ஆலை லாரி வரும் நாளைக்கு ஊரையே கூப்பிட்டார். அஞ்சம்மாளை முன்வரிசையில் நிற்கவைத்தார்.

லாரியோடு ரேணுகா ஒரு சின்னப் பெட்டியுடன் வந்து இறங்கினாள். ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் கொஞ்சம் ஆயிலை எடுத்து, சுத்தமான தண்ணீரோடு குலுக்கி, அந்தத் தண்ணீரை மட்டும் தனியே பிரித்து, ஒரு சொட்டு மருந்து விட்டாள். தண்ணீர் மோர் போல வெளுத்தது. இரண்டாவது டிரம். வெளுத்தது. மூன்றாவது. வெளுத்தது.

"ஐயா, இதுல எதாவது போட்டீங்களா?"

"போட்டேன்ல!" கன்னியப்பன் கூட்டத்தைப் பார்த்து மீசையை நீவிக்கொண்டார். "உப்பு போட்டேன். தண்ணியப் பிரிச்சேன். எப்படி?"

ரேணுகா கண்ணாடிக் குழாயை மெதுவாகக் கீழே வைத்தாள். "வெளுத்தா உப்பு இருக்குதுன்னு அர்த்தம்ங்க. அது எங்க குழாயெல்லாம் அரிச்சிடும். காய்ச்சுற கலத்துல ஓட்டை விழும். இத எடுத்துக்க முடியாதுங்க."

பத்து டிரம்மும் அங்கேயே நின்றது. லாரி காலியாகத் திரும்பியது. பிறகு தட்சணாமூர்த்தி வாயைத் திறந்தான்.

"ஊறுகாய் போட்டுட்டியேப்பா, ஆயில!"

அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பைக் கன்னியப்பன் இன்னும் மறக்கவில்லை. யாராக இருந்தாலும் மறக்க மாட்டார்கள். ஆனால் சாயந்திரம் தட்சணாமூர்த்தி தனியாக வந்தான். இப்போது சிரிப்பில்லை.

"சரி வுடு. பத்து டிரம்மையும் எனக்குக் குடு. சென்ட்ரிங் பலகைக்குப் பூசிக்கிறேன். சிமெண்ட் ஒட்டாது. உப்பு இருந்தா பலகைக்கு இன்னா? மொத்தமா ரொக்கம் தர்றேன். அஞ்சம்மா கடனும் தீந்துடும், உன் பேச்சும் நின்னுடும்."

கன்னியப்பனுக்குச் சபலம் தட்டத்தான் செய்தது. ஆயிலில் வந்த காசு என்றால் ஆயிலில் வந்த காசுதானே? சரி என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது அளத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அஞ்சம்மாள் ரோட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை இருவரும் பார்த்தார்கள்.

"இப்ப எங்க கட்டடம் கட்டுற நீ?" என்று தட்சணாமூர்த்தியைக் கேட்டாள்.

"வாய்க்கா ஓரம். ஒரு பங்களா."

"பலகையில பூசுன ஆயிலு மழைல கழுவிக்கிட்டு எங்க போவும்?"

தட்சணாமூர்த்தி வாய்க்கால் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"வாய்க்காலுக்குப் போவும். வாய்க்காலுலேர்ந்து என் பாத்திக்கு வரும். என் கடன அடைக்கிறேன்னு என் உப்புலயே ஊத்துவீங்களா ரெண்டு பேரும்?" துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். "அந்தப் பொண்ணுகிட்டயே போய்க் கேளு மெக்கானிக்கு, உப்ப எப்படி எடுக்குறதுன்னு. வாய் வலிக்காது."

வாய் வலிக்கவில்லை, ஆனால் கழுத்து வலித்தது. குனிந்து பழக்கமில்லாத கழுத்து. இருந்தும் மறுநாள் திண்டிவனம் போனார். ரேணுகா அவரைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். திட்டவில்லை, சிரிக்கவில்லை.

"உப்பு ஆயில்ல கரையாதுங்க ஐயா. உங்க கண்ணுக்குத் தெரியாத தண்ணித் துளி இன்னும் ஆயிலுக்குள்ள இருக்குது. உப்பு அதுலதான் ஒளிஞ்சிக்கிட்டிருக்குது. நல்ல தண்ணிய சுட வெச்சி ஊத்தி, மெதுவாக் கலக்குனீங்கன்னா உப்பு அந்தத் தண்ணிக்கு வந்துடும். தெளிஞ்சப்புறம் அடியில வடிச்சிடுங்க. வேகமாக் கலக்காதீங்க, மறுபடி பாலாயிடும். வடிச்ச தண்ணிய மண்ணுல விடக் கூடாது. டிரம்ல அடைச்சி வைங்க, நாங்க எடுத்துக்கிறோம்."

"அவ்வளவுதானா?"

"தண்ணி மட்டும் நல்ல தண்ணியா இருக்கணும். உப்புத் தண்ணியில உப்பக் கழுவ முடியாதுல்ல?"

"நல்ல தண்ணிக்கு இன்னாம்மா பஞ்சம்? எங்க ஊர்லயே இனிப்பான தண்ணி என் வூட்டு போர்லதான். ஊரே வந்து கேக்கும்."

போர்த் தண்ணீரைச் சுடவைத்து முதல் டிரம்மைக் கழுவினார். கலக்குவதற்கு உப்பு வாருகிற நீளப் பலகையைப் பயன்படுத்தினார். பாத்தியில் உப்பு கலங்காமல் வாருகிற மாதிரி மெதுவாகத் தள்ளி, மெதுவாக இழுத்து. அந்தக் கை அவருக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. கழுவி முடித்ததும், "இந்த டிரம் ஓக்கே" என்று சுண்ணாம்பால் பெரிய கோடு போட்டார். அடுத்ததைத் தொடுவதற்குள் போர் மோட்டார் புகைந்து நின்றது. அந்த மோட்டாரைப் பார்க்கவும் அவருக்கு நேரமில்லை, ஏனென்றால் அதற்குள் மழை வந்துவிட்டது.

மரக்காணத்துக்காரருக்கு மழை என்றால் வேலை இல்லாத காலம். ஐப்பசி பிறந்தால் பாத்தி எல்லாம் குளமாகும். பலகையைக் கழுவி வீட்டுக் கூரையில் செருகிவிடுவார்கள். உப்பளத்தில் மழையைப் பார்த்து முதல்முதலாகச் சிரித்தவர் கன்னியப்பன்தான். மழைத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது? கொட்டகைத் தகரத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவினார். முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்ததிலிருந்து ஓரத்தில் தகரத்தைக் குழிவாக மடித்துக் கட்டிப் பிடித்தார். வீட்டு அண்டா, சாந்து கலக்கிற தொட்டி, பேத்தியைக் குளிப்பாட்டுகிற டப் என்று ஒன்றையும் விடவில்லை. சவுக்கு விறகில் தண்ணீரைச் சுடவைத்து, ஒவ்வொரு டிரம்மாகக் கழுவி, தெளியவிட்டு, வடித்து, மறுபடியும் கழுவினார்.

அஞ்சம்மாள் மழையில் வேலையில்லாமல் அவர் கொட்டகைப் பக்கம் வந்து நிற்பாள். "இன்னா மெக்கானிக்கு, இன்னிக்கும் ஆயிலுக்குத் தலைக்குக் குளிப்பாட்டுறியா?" என்பாள். அவருக்குக் கோபம் வரும். ஆனால் அவள் வராத நாளில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேடிக்கை பார்க்க ஒரு ஆள் இல்லாமல் அவருக்கு வேலை ஓடாது.

தை பிறந்தது. வெயில் திரும்பியது. அஞ்சம்மாள் குத்தகைப் பணம் கட்ட வேண்டிய நாளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. இந்தத் தடவை லாரி வருகிற செய்தியைக் கன்னியப்பன் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் காலையில் டீக்கடையே கொட்டகை முன்னால் நின்றது. தட்சணாமூர்த்தி டீ கிளாஸோடு வந்திருந்தான்.

ரேணுகா பெட்டியைத் திறந்தாள். கன்னியப்பன் இன்ஜினைப் பார்ப்பது போலத் திரும்பி நின்றுகொண்டார். அந்த இன்ஜினில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை; அது மூன்று வருஷமாக ஓடாத இன்ஜின்.

"ஐயா, வந்து பாருங்க."

முதல் குழாயில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. ஒரு சொட்டு மருந்து விட்டும் வெளுக்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். கூட்டம் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சத்தம் போட்டது. ஒன்பது டிரம் லாரியில் ஏறியது. பத்தாவதாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த டிரம். கன்னியப்பன் அதைத் தட்டிக்கொடுத்தார். "இதுதாம்மா ஸ்பெசல். இத நான் மழைக்கு முன்னாடியே என் போர்த் தண்ணியில கழுவிட்டேன்."

ரேணுகா சொட்டு விட்டாள். மோர்.

தட்சணாமூர்த்திதான் சொன்னான்: "ஊர்லயே இனிப்பான தண்ணி!"

நாலாயிரம் ரூபாய் அந்த டிரம்மில் மாட்டிக்கொண்டு நின்றது. கடைக் காசு சேர்க்க மாட்டேன் என்று ஊர் முன்னால் சொல்லியாகிவிட்டது. பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீர் தீர்ந்துவிட்டது. ரேணுகா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாங்க கூனிமேடு போய் அங்க இருக்குறத ஏத்திக்கிட்டு சாயந்திரம் இந்த வழியாத்தான் திரும்புவோம். அதுக்குள்ள கழுவித் தெளிய வெச்சீங்கன்னா பாக்குறேன்."

"தண்ணி?" என்றார் கன்னியப்பன். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

அஞ்சம்மாள் இடுப்பில் சேலையைச் செருகினாள். "என் வூட்டுல குடிக்கத் தண்ணி ஒரு டிரம் புடிச்சி வெச்சிருக்கேன். நேத்து பஞ்சாயத்துக் குழாயில வந்தது. தூக்க ரெண்டு ஆளு வாங்க."

"அப்ப நீ குடிக்கிறதுக்கு?"

"என் காசு உன் ஆயிலுக்குள்ள கெடக்குது. நான் தண்ணி குடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பேனா? ஏம்பா தட்சணாமூர்த்தி, டீ குடிச்சது போதும், அந்தப் பக்கம் புடி."

தட்சணாமூர்த்தி பிடித்தான். வாய் பேசிக்கொண்டே பிடித்தான், ஆனால் பிடித்தான். டிரம் வந்தது. விறகு எரிந்தது. நீளப் பலகையைக் கன்னியப்பன் எடுத்தபோது அஞ்சம்மாள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "இது என் கை வேலை. குடு" என்று சொல்லிவிட்டு, பாத்தியில் நிற்கிறவள் மாதிரி காலை அகட்டி நின்று, அலை எழாமல் தள்ளி, அலை எழாமல் இழுத்தாள். கன்னியப்பன் பக்கத்தில் நின்று, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாராவது ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

தை வெயிலில் டிரம் மத்தியானம் பூராவும் நின்றது. அடியில் வடித்து, இன்னொரு தடவை கழுவி, மறுபடியும் தெளியவிட்டார்கள். பொழுது சாய லாரி வந்தது. ரேணுகா இறங்கி, சொட்டு விட்டு, குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அதன் வழியாக அந்தப் பக்கம் உப்பளம் தெளிவாகத் தெரிந்தது.

"ஏத்துங்க" என்றாள் டிரைவரிடம். பிறகு லாரி சீட்டிலிருந்து ஒரு கேனை எடுத்துக் கன்னியப்பனிடம் கொடுத்தாள். "எங்க ஆலையில பழைய ஆயிலக் காய்ச்சி எடுத்த புது ஆயில் ஐயா. நீங்களே ஒரு இன்ஜின்ல ஊத்திப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா இந்தப் பக்கம் எல்லாரும் நம்புவாங்க."

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் கன்னியப்பன் சண்டைக்குப் போவார்.

ஆலை பணத்தை பேங்க்கில் போட்டது. மறுநாள் காலை அவர் வரிசையில் நின்று நோட்டாக எடுத்தார். ஆயில் கொடுத்தவர்களுக்கு முதலில் பிரித்துக் கொடுத்தார். மஸ்தான் பாய் தன் பங்கை வாங்கிக்கொண்டு, "கழிவுக்கும் காசா!" என்று அந்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போகிற வழியில் மூன்று கடைக்காரர்கள் கூப்பிட்டு, "எங்களுதும் எடுத்துக்குவியாண்ணா?" என்றார்கள். "கேன்ல மூடி வை, வர்றேன். நண்டுக்கு ஊத்தாத" என்று சொல்லிவிட்டு மொபெட்டை விரட்டினார்.

அஞ்சம்மாள் வரப்பில் இருந்தாள். மழைக்குப் பிறகு பாத்தியின் அடித்தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துகிற வேலை நடந்துகொண்டிருந்தது. கன்னியப்பனைக் கண்டதும் கை நீட்டவில்லை. இன்ஜினைக் காட்டினாள்.

"மொதல்ல இதுக்கு ஆயிலு மாத்து. பொண்ணு குடுத்தத ஊத்து. ஓடுதா பாக்குறேன்."

அவர் பழைய ஆயிலை ஒரு சொட்டும் சிந்தாமல் கேனில் வடித்து, மூடியை இறுக்கி, மொபெட்டில் கட்டினார். தேன் நிற ஆயிலை ஊற்றினார். கைப்பிடியைச் சுற்றினார். இன்ஜின் ஒரு தடவை தும்மியது, பிறகு பிடித்துக்கொண்டது. கன்னியப்பன் தலையைச் சாய்த்துக் கேட்டார். இருமல் இல்லை. மூச்சு வாங்கவில்லை. குழாயிலிருந்து உப்புத் தண்ணீர் கொட்டி, புதுப் பாத்தியில் பரவி ஓடியது. அஞ்சம்மாள் குனிந்து, தண்ணீர்மேல் படலம் இருக்கிறதா என்று வெயிலுக்கு எதிராகச் சாய்ந்து பார்த்தாள். வானம்தான் இருந்தது.

"போன்ல அனுப்பிடலாம்ல, எதுக்கு இத்தினி தூரம் தூக்கியாந்த?" என்றாள்.

"எண்ணி வெப்பேன்னு சொன்னேன். போன்ல அனுப்புனா எண்ணி வெச்சதா ஆவுமா?"

அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். உப்பு அரித்து வெடித்த உள்ளங்கை. கன்னியப்பன் ஒவ்வொரு நோட்டாக, வாய்விட்டு, பக்கத்துப் பாத்திக்குக் கேட்கிற மாதிரி எண்ணி வைத்தார். இன்ஜின் சத்தத்தையும் மீறி அவர் சத்தம் கேட்டது. பக்கத்துப் பாத்தியில் மிதித்துக்கொண்டிருந்தவர்கள் காலை நிறுத்திப் பார்த்தார்கள். நாற்பதாயிரம் முடிந்தது.

கை மூடவில்லை. அப்படியே நீண்டிருந்தது.

"இன்னா? சரியாத்தான இருக்குது?"

"ஆயிலுக்குச் சரி. தண்ணிக்கு?"

"எந்தத் தண்ணி?"

"குடிக்க வெச்சிருந்த தண்ணிண்ணே. ஒரு டிரம். ரெண்டு நாளா கேன் வாங்கிக் குடிக்கிறேன்." அண்ணே என்று அவள் கூப்பிட்டு எட்டு மாதமாகியிருந்தது.

கன்னியப்பன் சட்டைப் பையில் கைவிட்டார். "இது கடைக் காசு" என்றார்.

"எதுவா இருந்தா இன்னா? இன்னாத்துக்குன்னு சொல்லிட்டுக் குடு."

அவர் அளத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

"என் வூட்டு போர்த் தண்ணி உப்புதான். அதுக்கு" என்று சொல்லிவிட்டு, இருநூறு ரூபாயை எண்ணி, மற்ற நோட்டுகளின் மேல், அந்த உள்ளங்கையில் வைத்தார்.